வாபஸ் வாங்கிய வேண்டுதல்

என் அம்மா கடவுளோடு பேசுவதற்கென்று ஒரு ஸ்டூல் வைத்திருந்தாள். மேல் பலகையில் விரிசல் விட்ட பழைய மர ஸ்டூல். மூன்று கால் தரையில் நிற்கும், நாலாவது கால் பட்டும் படாமலும் இருக்கும். பகலெல்லாம் அதற்கு வேறு வேலை. அதன் மேல் ஏறி நின்று அலமாரி உச்சியிலிருந்து டப்பா எடுப்போம், பல்பு மாற்றுவோம், நனைந்த மழைக்கோட்டைப் போடுவோம். சாயங்காலம் பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்த பிறகு அதை அடுப்படி ஜன்னலோரம் இழுத்துப் போட்டு, கையைத் துடைத்துக்கொண்டு அம்மா உட்கார்ந்து கண்ணை மூடிவிடுவாள். அவள் பேசப் பேச உடம்பு லேசாக ஆடும், ஸ்டூலும் சேர்ந்து ஆடும். அந்தக் குட்டைக் கால் டக், டக் என்று தரையைத் தட்டும். இன்றைக்கும் எந்த ஓட்டலிலாவது ஒரு நாற்காலி அப்படித் தட்டினால், சத்தம் போடாமல் இருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றிவிடுகிறது.

அவள் பேசுவதைக் கேட்டால் பக்தி என்றே சொல்ல மாட்டீர்கள். பக்கத்து வீட்டுக்காரியிடம் பேசுகிற பேச்சுதான். வீட்டு நடப்பை ஒப்பிப்பாள், நேற்றுச் சொன்னது என்ன ஆச்சு என்று விசாரிப்பாள், நடுவில் அடுப்பை அணைத்தோமா என்று எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வந்து விட்ட இடத்திலிருந்து தொடருவாள். போதாக்குறைக்கு மனசையும் மாற்றிக்கொள்வாள். மாடி வீட்டுக்காரர் ராத்திரியெல்லாம் கட்டிலை இழுக்கிறார், அவர் காலி பண்ணிக்கொண்டு போகட்டும் என்று ஒருநாள் கேட்பாள். மறுநாள் அவர் மனைவி வந்து நாலு வார்த்தை இதமாகப் பேசிவிட்டுப் போனால், பாவம், இருந்துவிட்டுப் போகட்டும், நேற்றுச் சொன்னதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன் என்பாள். அம்மாவிடம் மாட்டிக்கொண்ட கடவுள் பாடு திண்டாட்டம்தான் என்று அக்கா சொல்வாள்.

அப்பா இதற்கு நேர் எதிர். அவர் பஸ் டிப்போவில் டைம்டேபிள் போடுகிறவர். ஊரில் எந்த பஸ் எந்த இடத்திலிருந்து எத்தனை மணிக்குக் கிளம்பும் என்பது அவர் மேஜையில் விரித்துக் கிடக்கும் பெரிய தாளில்தான் முடிவாகும். அதனால் ஊரில் பாதிப் பேருக்கு அவரிடம் ஒரு வேண்டுகோள் இருந்தது. பள்ளிக்கூட வாத்தியார் வருவார், தையல்கடைக்காரர் வருவார், என் மாமாவே ஒரு தடவை வந்தார். எங்கள் ஸ்டாப்புக்கு மட்டும் கொஞ்சம் முன்னால் வரக் கூடாதா என்று எல்லாரும் கேட்டது ஒரே விஷயம்தான். அப்பா எல்லாரையும் உட்காரவைத்து, டீ வாங்கிக் கொடுத்து, முடியாது என்று அனுப்பிவிடுவார். மாமாவுக்கு மட்டும் பிஸ்கட்டும் வாங்கிக் கொடுத்தார் என்பது உண்மை.

இரக்கமில்லாத மனிதர் என்று நினைத்துவிடக் கூடாது. அவருக்கு அதில் ஒரு கர்வம் இருந்தது. "எல்லாத்தையும் யோசிச்சுட்டுத்தான் போட்டிருக்கேன். அதுக்கப்புறம் ஒருத்தர் வந்து கேட்டாங்கன்னு மாத்தினா, மொதல்ல நான் சரியா யோசிக்கலைன்னுதானே அர்த்தம்?" என்பார். கடவுள் விஷயத்திலும் அவர் கட்சி இதுவேதான். தன்னைப் போல ஒரு சாதாரண ஆளே மாற்றுவதில்லை, உலகத்தையே ஓட்டுகிறவர் அடுப்படி ஸ்டூலைப் பார்த்தா மாற்றப் போகிறார் என்பார். உங்கள் ஆபீசில் மனு வாங்கிக்கொள்கிறார்களா இல்லையா என்று அம்மா மடக்குவாள். வாங்கிக்கொள்கிறோம் என்பார். வாங்கி? வாங்கி வைத்துக்கொள்வோம் என்பார்.

ஒருநாள் அவர் மறந்துவிட்டுப் போன மூக்குக்கண்ணாடியைக் கொடுக்க நான் டிப்போவுக்குப் போயிருந்தேன். அந்தப் பெரிய தாளை அன்றைக்குத்தான் கிட்டத்தில் பார்த்தேன். பென்சில் கோடுகளுக்கு நடுவே ஒவ்வொரு டிரிப்பின் கடைசியிலும் ஒரு குட்டிக் கட்டம் காலியாக இருந்தது. எழுத மறந்துவிட்டாரோ என்று கேட்டேன். அதற்குப் பெயர் மூச்சு என்றார். வழியில் ரயில்வே கேட் மூடியிருக்கும், வயசானவர் மெதுவாக ஏறுவார், யாராவது ஓடி வருவார்கள், அதற்கெல்லாம் சேர்த்து ஒவ்வொரு டிரிப்பிலும் இரண்டு மூன்று நிமிடம் சும்மா விட்டு வைத்திருப்பாராம். ஒரே ஒரு வரிசையில் மட்டும் அந்தக் கட்டம் இல்லை. விடிகாலையில் விமான நிலையத்துக்குப் போகிற பஸ். "அதுல ஏறுறவன் பிளேனைப் பிடிக்கப் போறவன். அதுல மூச்சு விட முடியாது" என்று சொல்லி, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

அம்மாவின் துருப்புச் சீட்டு நான்தான். சின்ன வயசில் எனக்கு நுரையீரலில் சளி கட்டி, ஆஸ்பத்திரியில் டாக்டர் அப்பாவைத் தனியாகக் கூப்பிட்டு, மனசைத் தேற்றிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டாராம். அம்மா வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து, நீங்கள் ஏதோ முடிவு பண்ணியிருக்கிறீர்கள், தெரிகிறது, அதை மாற்றுங்கள் என்று கேட்டாளாம். வேறு ஒன்றும் கேட்கவில்லையாம், அதையே திருப்பித் திருப்பிக் கேட்டாளாம். பொழுது விடிந்தபோது காய்ச்சல் இறங்கியிருந்தது. அன்றிலிருந்து அக்கா எனக்கு வைத்த பெயர் ரிட்டன் டிக்கெட். வீட்டில் கடவுள் பற்றிச் சண்டை வரும்போதெல்லாம் அம்மா கையிலிருக்கிற கரண்டியை என் பக்கம் நீட்டி, இதோ நிற்கிறானே என்பாள். அப்பா அதோடு வாயை மூடிக்கொள்வார். சாட்சியாக வாழ்வது லேசுப்பட்ட காரியமில்லை. நான் கணக்கில் கோட்டை விட்ட வருஷம், இதற்காகவா அவ்வளவு தொந்தரவு பண்ணினேன் என்று அம்மா கடவுளிடமே கேட்டாள்.

அக்கா பல் செய்கிறவள். பல் டாக்டர் இல்லை. டாக்டர்கள் அச்சு எடுத்து அனுப்புவார்கள், அதற்குப் பொருத்தமாகப் பல்லைச் செய்து கொடுக்கிற லேபில் வேலை. வீட்டில் எங்கே கையை விட்டாலும் பிளாஸ்டர் தாடை ஒன்று அகப்படும். விருந்தாளி வந்த நேரத்தில் சோபா இடுக்கிலிருந்து ஒரு கீழ்த்தாடை சிரித்துக்கொண்டு வெளியே வந்ததும் உண்டு. பஸ்ஸில் எதிரே உட்கார்ந்திருப்பவரின் வாயையே உற்றுப் பார்த்துக்கொண்டு வருவாள். இப்படிப் பார்த்தால் எவன் உன்னைக் கட்டிக்கொள்வான் என்று அம்மா திட்டுவாள். அவன் பல் நன்றாக இருந்தால் யோசிக்கிறேன் என்பாள் அக்கா.

அவளுக்குக் கடல் கடந்த ஒரு நாட்டில் பெரிய லேப் ஒன்றிலிருந்து அழைப்பு வந்தது. இரண்டு பேரைக் கடைசிச் சுற்றுக்கு எடுத்திருந்தார்கள், வேலை ஒருவருக்குத்தான். அக்கா செய்த பற்களை வாங்கிப் பார்த்தார்கள், திரையில் முகம் பார்த்து நெடுநேரம் பேசினார்கள், போனில் முடிவு சொல்கிறோம் என்றார்கள். அக்கா அந்த நாட்களில் தரையில் கால் பாவாமல் நடந்தாள். அம்மா எங்களிடம் எல்லாம், கிடைக்கட்டும், நல்லா இருக்கட்டும் என்று வாய் நிறையச் சொன்னாள். ஸ்டூலில் உட்கார்ந்ததும் வாய்க்குள்ளேயே முணுமுணுத்துக் கேட்டது வேறு. இவளை அனுப்பாதீங்க. இது கிடைக்கக் கூடாது. அதை அப்போது நாங்கள் யாரும் அறியவில்லை, ஸ்டூல் கொஞ்சம் வேகமாக ஆடுகிறது என்று மட்டும் நான் நினைத்தேன்.

ஒருநாள் அக்கா சாப்பாட்டை மறந்துவிட்டுப் போக, அம்மா டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு லேபுக்குப் போனாள். அதுவரை அவள் அங்கே போனதில்லை. அக்கா ஜன்னலுக்குக் கீழே குனிந்து உட்கார்ந்து, நுனி மெல்லிய தூரிகையால் பீங்கான் குழம்பைத் தொட்டுத் தொட்டு ஒரு முன்பல்லின் மேல் வைத்துக்கொண்டிருந்தாளாம். பக்கத்தில் ஒரு கிழவருடைய பழைய போட்டோ. அதில் அவருக்கு முன்பல் ஒன்று கொஞ்சம் சாய்ந்து, ஓரத்தில் மஞ்சள் படிந்து இருந்ததாம். அந்தச் சாய்வும் அந்த மஞ்சளும் அப்படியே வந்தால்தான் அவர் சிரிக்கும்போது அவராக இருப்பார் என்று, அம்மா வந்து நின்றதுகூடத் தெரியாமல் அக்கா தனக்குத்தானே முணுமுணுத்துக்கொண்டிருந்தாளாம். லேப் முதலாளி அம்மாவை வெளியே அழைத்துப்போய், எங்களுக்குத் தெரிந்ததையெல்லாம் அவள் கற்றுக்கொண்டுவிட்டாள், இனிமேல் இங்கே இருந்தால் அவள் வளர்ச்சி நின்றுபோகும் என்று சொன்னார்.

அம்மா திரும்பி வந்து கைப்பையைக்கூட வைக்காமல் ஸ்டூலில் உட்கார்ந்தாள். பட்டப்பகலில் அவள் அங்கே உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. அன்றைக்கு அவள் வாய்விட்டே பேசினாள். தப்பாகக் கேட்டுவிட்டேன், வாபஸ் வாங்கிக்கொள்கிறேன், அவள் போகட்டும், அவள் முகம் அப்படி இருந்து நான் பார்த்ததே இல்லை என்றாள். எதை வாபஸ் வாங்குகிறாள் என்று எனக்கு விளங்கவில்லை. மாடி வீட்டுக்காரர் விவகாரமாக இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

மறுநாள் சாயங்காலம் ஹாலில் போன் அடித்தது. அக்கா எடுத்தாள். சரி, சரி, பரவாயில்லை, ரொம்ப நன்றி என்றாள். போனை வைத்துவிட்டு, அந்த இன்னொருத்தருக்குக் கொடுத்துவிட்டார்கள் என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். பிறகு குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டாள். வெகுநேரம் குழாய் ஓடிக்கொண்டே இருந்தது.

அம்மா அடுப்படியில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். அப்பா குனிந்து என்ன என்று கேட்டார். நான் வாசற்படியில் நின்றிருந்தேன்.

"நான்தாங்க கெடுத்தேன்" என்றாள் அம்மா. எல்லாவற்றையும் சொன்னாள். தினமும் உட்கார்ந்து கிடைக்கக் கூடாது என்று கேட்டதையும், நேற்று வாபஸ் வாங்கியதையும், அதற்குள் காரியம் நடந்து முடிந்திருக்கும் என்பதையும்.

அப்பா அவள் பக்கத்தில் சிரமப்பட்டு உட்கார்ந்தார். மனுவோடு வருகிறவர்களிடம் அவர் இவ்வளவு மெதுவாகப் பேசி நான் கேட்டதில்லை. "இங்க பாரு. நீ கேட்டேன்னு அவர் ஒரு பொண்ணோட வேலையைப் பிடுங்க மாட்டார். யார் சொல்லியும் மாத்துறவர் இல்ல அவர். நீ வாயே திறக்காம இருந்திருந்தாலும் இதேதான் நடந்திருக்கும்."

அம்மா முகத்தைத் துடைத்துக்கொண்டாள். கொஞ்சம் தெளிந்த மாதிரி இருந்தது. பிறகு தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தாள்.

"அப்போ இவன்?" என்றாள்.

அப்பா சட்டென்று நிமிர்ந்தார்.

"நான் வாயே திறக்காம இருந்திருந்தாலும் இவன் பொழச்சிருப்பானா?"

ஆமாம் என்று அப்பா சொல்லியிருக்கலாம். இத்தனை வருஷமாக அவர் கட்சி அதுதான். சொல்லியிருந்தால் அம்மாவின் மேல் ஒரு பழியும் இல்லை என்று ஆகியிருக்கும். ஆனால் ஆஸ்பத்திரி பெஞ்சில் அவளோடு அவரும்தானே உட்கார்ந்திருந்தார். அவர் என்னைப் பார்த்தார், தரையைப் பார்த்தார், வாயைத் திறந்து மூடிக்கொண்டார்.

"ரெண்டையும் பேச முடியாதுங்க" என்றாள் அம்மா. "அதை அவர் காதுல வாங்கினார்னா இதையும் வாங்கித்தான் இருப்பார். இவனை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். பழி எம்மேலயே இருந்துட்டுப் போகட்டும்."

அதுவரை அந்த ஆஸ்பத்திரிக் கதை எனக்கு வெறும் கேலிப் பேச்சுதான். என்னைக் கைவிடாமல் இருப்பதற்காக அந்தக் குற்றத்தையும் சேர்த்து அவள் பிடித்துக்கொண்டாள் என்று விளங்கியபோது, அங்கே நிற்க முடியாமல் மொட்டை மாடிக்குப் போய்விட்டேன்.

அம்மா அன்றைக்கே அக்காவிடமும் சொல்லிவிட்டாள். மறைத்துவைக்கத் தெரியாத ஜென்மம் அது. அக்கா நகக்கண்ணில் ஒட்டியிருந்த பிளாஸ்டரைச் சுரண்டிக்கொண்டே கேட்டாளாம். கத்துவாள் என்று அம்மா எதிர்பார்த்தாள். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அவர் கேட்டாரா கேக்கலையான்னு எனக்குத் தெரியாதும்மா" என்றாள் அக்கா. "நீ கேட்டிருக்க. எனக்கு அதுதான் தாங்கல."

அதற்குப் பிறகு வீடு வீடாக இல்லை. அக்கா வேலைக்குப் போனாள், வந்தாள், கேட்டதற்கு ஒரு வார்த்தையில் பதில் சொன்னாள். அம்மா ஸ்டூல் பக்கமே போகவில்லை. பாத்திரத்தைக் கவிழ்த்துவிட்டு விளக்கை அணைத்து வந்துவிடுவாள். எதைக் கேட்டாலும் ஏடாகூடமாகக் கேட்டு வைப்பேன், எனக்கு அந்த வேலையே வேண்டாம் என்றாள். இதில் முதலில் தவித்துப்போனவர் யார் என்றால், சொன்னால் நம்ப மாட்டீர்கள், அப்பாதான். அந்த டக் டக் சத்தத்தை இத்தனை வருஷம் கிண்டல் பண்ணின மனிதர், சாயங்காலம் ஆனால் ஹாலுக்கும் அடுப்படிக்கும் நடையாய் நடந்தார். பேப்பரைப் பிரித்தார், மடித்தார். கடைசியில் ஸ்டூலைத் தானே ஜன்னலோரம் இழுத்துப் போட்டார்.

"வந்து உக்காரு" என்றார்.

"எதுக்கு? நீங்கதான் மாத்த மாட்டார்னு சொல்றீங்களே."

"மாத்த மாட்டார்னுதான் இப்பவும் சொல்றேன். ஆனா நான் போடற ஒவ்வொரு டிரிப்லயும் கொஞ்சம் நேரம் எதுக்கும் எழுதாம விட்டு வெப்பேன். யாராவது ஓடி வருவாங்கன்னு எனக்குத் தெரியும். ஓடி வந்தவங்களை ஏத்திக்கிட்டா டைம்டேபிள் மாறினதா ஆகாது. அந்த நேரம் அவங்களுக்குன்னே வெச்சது. ஓடி வராம வீட்டுலயே இருந்துட்டாத்தான் அது வீணாப் போகும்."

அம்மா யோசித்தாள். "யார் வருவாங்கன்னு உங்களுக்குத் தெரியாது. அவருக்கு அதுவும் தெரியுமே."

"தெரிஞ்சா இன்னும் நல்லதாப் போச்சு. உன் பேரைப் போட்டே வெச்சிருப்பார்."

"அப்போ நான் ஓடித்தான் ஆகணுமா?"

"ஓடித்தான் ஆகணும்" என்றார் அப்பா.

ஆனாலும் அவள் உட்காரவில்லை. கை காரியத்தைப் பார்க்கப் போய்விட்டாள். இரண்டொரு நாள் கழித்து நான் தண்ணீர் குடிக்க அடுப்படிக்குப் போனபோது, சாயங்கால வெளிச்சத்தில் அந்த ஸ்டூலில் அப்பா உட்கார்ந்திருந்தார். கண் மூடியிருந்தது. உடம்பு விறைப்பாக இருந்ததால் ஸ்டூல் ஆடவில்லை. என்னைப் பார்த்ததும் முழங்காலைத் தடவி, கால் வலி, அதான் கொஞ்சம் உட்கார்ந்தேன் என்றார். ஹாலில் மெத்தை வைத்த சோபா இருக்கிறதே என்று நான் கேட்கவில்லை.

வேலை கிடைத்த அந்த இன்னொருவர் வரவில்லை என்று சொல்லிவிட்டார். அந்த மாதமே மறுபடியும் போன் வந்தது, இன்னும் விருப்பம் இருக்கிறதா என்று அக்காவைக் கேட்டார்கள். இதற்கு எங்கள் வீட்டில் ஆளுக்கொரு விளக்கம். வாபஸ் வாங்கினது போய்ச் சேரக் கொஞ்சம் நேரமாகியிருக்கிறது, அவ்வளவுதான் என்றாள் அம்மா. நான் சொன்னேனே, மூச்சு விட்டு வைத்திருப்பார் என்று, என்றார் அப்பா. அந்த ஆளுக்கு வேறு இடத்தில் இதைவிட நல்ல வேலை கிடைத்திருக்கும், இதில் கடவுளை எதற்கு இழுக்கிறீர்கள் என்றாள் அக்கா. யார் சொன்னது சரி என்று இன்றைக்கு வரை எனக்குத் தெரியாது.

அக்கா பெட்டி கட்டினாள். அம்மாவோடு பேச்சு திரும்பியிருந்தது, ஆனால் பழைய பேச்சு இல்லை. நன்றி, பரவாயில்லை என்றெல்லாம் பேசிக்கொண்டார்கள். எங்கள் வீட்டில் ஒருவருக்கொருவர் நன்றி சொல்லிக்கொண்டால் விஷயம் சரியில்லை என்று அர்த்தம். அம்மா துணிகளை மடித்துக் கொடுத்தாள். அக்கா அவற்றைப் பிரித்துத் தன் மடிப்பில் மடித்து வைத்துக்கொண்டாள்.

கிளம்புகிற அன்று விடிகாலையில் அம்மா பஸ் ஸ்டாண்டுக்கு வரவில்லை என்றுவிட்டாள். வாசலோடு நின்றுகொண்டாள். அக்கா முகம் சுருங்கியது. சரிம்மா, வரேன் என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று படியிறங்கினாள். நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டே, இது என்ன பிடிவாதம், இன்றைக்குக்கூடவா என்று அம்மாவிடம் எரிந்து விழுந்தேன். அம்மா என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு, அக்கா காதில் விழாதபடி சொன்னாள்.

"அங்க வந்து அவளைப் பாத்தா மறுபடியும் கேட்டுடுவேன்டா. அவரும் கேட்டுத் தொலைச்சுட்டா?"

பஸ் ஸ்டாண்ட் எங்கள் தெரு முனையில் திரும்பினால் தெரிந்துவிடும். விமான நிலைய பஸ் விளக்குப் போட்டு நின்றிருந்தது. அப்பாவும் நானும் பெட்டியை ஏற்றினோம். அக்கா ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து, தெரு முனைப் பக்கம் பார்க்காமல் நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மா சொன்னதை அவளிடம் சொன்னேன். அவள் உதட்டை மட்டும் கடித்துக்கொண்டாள்.

டிரைவர் வண்டியை ஸ்டார்ட் பண்ணினார். அப்பா பஸ் படியில் ஒரு காலும் தரையில் ஒரு காலுமாக நின்றிருந்தார். ஒரு நிமிடம் தாமதமாக எடுத்த டிரைவரைக்கூட மேஜைக்குக் கூப்பிட்டு நிற்கவைத்துக் கேள்வி கேட்கிறவர் அவர்.

"சார், டைம் ஆச்சு" என்றார் டிரைவர்.

அப்பா கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு தெரு முனையைப் பார்த்தார். காலை எடுக்கவில்லை.

"இன்னும் ரெண்டு நிமிஷம் இருக்கு."

டிரைவர் முன்னால் ஒட்டியிருந்த நேர அட்டையைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார். "இந்த வண்டியிலயா சார்?"

"நான்தானே போட்டேன்? இருக்கு."

தெரு முனையில் அம்மா தெரிந்தாள். ஓடி வந்துகொண்டிருந்தாள். அம்மா ஓடி நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை, அதற்குப் பிறகும் பார்த்ததில்லை. அறுந்த செருப்பு ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு, இன்னொரு காலில் மட்டும் செருப்போடு, மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்க வந்து ஜன்னல் கம்பியைப் பிடித்தாள். அக்கா அவள் கையைப் பற்றிக்கொண்டாள்.

"ஒண்ணும் கேக்கலடி" என்றாள் அம்மா. "சத்தியமா ஒண்ணும் கேக்கல. சும்மா பாக்கத்தான் வந்தேன்."

அக்கா அழுதுவிட்டாள். குளியலறைக் குழாய் இல்லாமல், எல்லாருக்கும் முன்னால், சின்னப் பிள்ளை மாதிரி.

"கேளும்மா" என்றாள். "நல்லபடியா போய்ச் சேரணும்னு கேளு. தினமும் கேளு. நீ கேக்காம நான் எப்படிம்மா இருப்பேன்?"

அப்பா படியிலிருந்து காலை எடுத்தார். பஸ் கிளம்பியது. அது திருப்பத்தில் மறையும் வரை அம்மா செருப்பை ஆட்டிக்கொண்டு நின்றாள், கையில் இருப்பது செருப்பு என்று அவளுக்குத் தெரியவில்லை. நான் சொல்லவும் இல்லை.

அன்று சாயங்காலம் ஸ்டூல் மறுபடியும் தட்டத் தொடங்கியது. அக்காவின் ஊரில் அப்போது என்ன மணி, அங்கே குளிருமா, அவள் சாப்பிட்டாளா என்று அம்மா கடவுளையே விசாரித்துக்கொண்டிருந்தாள். அப்பா ஹாலில் பேப்பரைப் பிரித்துவைத்து, ஒரு பக்கத்தையும் திருப்பாமல், அதைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

அந்த ஸ்டூல் இப்போது என் வீட்டில் இருக்கிறது. குட்டைக் காலுக்கு அடியில் ஏதாவது வைத்துச் சரி பண்ணலாம் என்று என் மனைவி சொல்கிறாள், நான் விடுவதில்லை. அம்மா இருந்தவரை அந்த விடிகாலை நேரத்தை யாரிடமாவது சொல்லிக்கொண்டே இருப்பாள். வந்தவர்களுக்கு டீ கொடுத்துக்கொண்டே சொல்லுவாள். நல்லவேளை, இவர் அந்த பஸ்ஸிலும் முன்யோசனையாக இரண்டு நிமிடம் விட்டு வைத்திருந்தார், இல்லாவிட்டால் என் பெண் முகத்தைப் பார்த்திருக்கவே மாட்டேன் என்பாள். எதையும் மாற்றாத மனிதர், எல்லாவற்றையும் யோசித்துத்தான் போடுவார் என்று பெருமையும் அடித்துக்கொள்வாள். அப்பா டீயை உறிஞ்சிக்கொண்டு, என் பக்கம் பார்க்காமல், "ஆமா, மொதல்லயே வெச்சிருந்தேன்" என்பார். அந்தத் தாளில் அந்த வரிசையை நான் பார்த்திருக்கிறேன் என்று அம்மாவிடம் கடைசிவரை சொல்லவில்லை.